விலங்குகளுக்காக எழுதுதல்: எந்த வழி வாசகரை அசைக்கிறது?

தொழிலாளருக்காக ஒருவர் எழுதும்போது அதில் பிசகு இருந்தால், தொழிலாளரே வந்து "எங்கள் நிலை அதுவல்ல" என்று திருத்த முடியும். விலங்குகளுக்காக எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. யாருக்காக எழுதுகிறோமோ அந்த உயிர்கள் அதைப் படிக்கப் போவதில்லை. மிகைப்படுத்தினாலும் மறுக்கப் போவதில்லை, குறைத்துச் சொன்னாலும் முறையிடப் போவதில்லை. அதனால் எப்படி எழுதுவது என்ற தேர்வின் பொறுப்பு முழுவதும் எழுதுபவரின் தலையிலேயே விழுகிறது. துண்டறிக்கை, மனு, நிறுவனங்களுக்கான கடிதம், இதழ்க் கட்டுரை என்று பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் சில வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எழுத்து அழகாக இருக்கிறதா, கண்ணீர் வரவழைக்கிறதா என்பவற்றை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. படித்து முடித்தவர் மறுநாள் ஏதேனும் ஒன்றை வேறு விதமாகச் செய்கிறாரா என்று மட்டுமே பார்க்கிறேன், ஏனெனில் கூண்டில் இருக்கும் உயிருக்குப் பயன்படக்கூடியது அது ஒன்றுதான்.

ஓர் உயிரா, கோடிக்கணக்கா?

உலகில் ஆண்டுதோறும் உணவுக்காகக் கொல்லப்படும் நில விலங்குகளின் எண்ணிக்கை 8,000 கோடிக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை கோழிகள். மீன்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. இந்த அவலத்தின் அளவை முதன்முதலாக உணரும் எவருக்கும் இந்த எண்ணையே கட்டுரையின் முதல் வரியாக வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, வைத்தும் பார்த்தேன். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக வாசகரின் மனம் அதே அளவில் இளகுவதில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு அது மரத்துப்போகிறது.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை அறிவதற்கு நல்ல சான்று. ஒரு வினாத்தாளை நிரப்பியதற்காக 5 டாலர் பெற்றவர்களிடம், அதிலிருந்து விரும்பியதைப் பசிப்பிணி நீக்கும் பணிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கடிதம் தரப்பட்டது. சிலருக்குத் தரப்பட்ட கடிதத்தில் மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் பெயரும் படமும் இருந்தன. சிலருக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பசியில் வாடும் பல லட்சம் பேரின் புள்ளிவிவரம் தரப்பட்டது. வேறு சிலருக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. சிறுமியை மட்டும் அறிந்தவர்களே அதிகம் கொடுத்தார்கள். வியப்பு மூன்றாம் குழுவில்தான்: புள்ளிவிவரத்தைச் சிறுமிக்குப் பக்கத்தில் வைத்ததும் கொடை குறைந்துவிட்டது. எண், உயிருக்கு வலுச்சேர்ப்பதற்குப் பதிலாக அதை மறைத்துவிட்டது. இந்த ஆய்வு மனிதக் குழந்தையைப் பற்றியது, விலங்கைப் பற்றியது அன்று என்பதை நினைவில் வைத்தே இதைச் சொல்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒரே பத்தியில் திணித்து நான் எழுதிய துண்டறிக்கைகள் ஏன் பயனின்றிப் போயின என்பதை இதைப் படித்த பிறகே புரிந்துகொண்டேன்.

அப்படியானால் ஓர் உயிரின் கதையே போதுமா? போதாது. 2015இல் ஜிம்பாப்வேயில் சீசில் என்ற சிங்கம் வேட்டையாடிக் கொல்லப்பட்டபோது உலகமே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பெரும்பகுதி அதைக் கொன்ற ஒரு மனிதரின்மீதே பாய்ந்தது. ஒற்றை விலங்கின் கதைக்குள் இருக்கும் இடர் இதுதான்: கதைக்கு ஒரு நாயகன் இருந்தால் வாசகர் உடனே ஒரு வில்லனைத் தேடுகிறார், அவன் தண்டிக்கப்பட்டால் கதை முடிந்தது என்று பக்கத்தை மூடிவிடுகிறார். இருந்தாலும் அதே நிகழ்வுக்குப் பின் சில பெரிய விமான நிறுவனங்கள் வேட்டைப் பரிசுப் பொருள்களாகச் சிங்கம், யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உடற்பகுதிகளை ஏற்றிச் செல்வதை நிறுத்தின. சினம், மாற்றக்கூடிய ஒரு விதியைக் கண்டடைந்த இடத்தில் பலன் கிடைத்தது. ஒரு மனிதரைச் சுற்றி மட்டும் சுழன்ற இடத்தில் அது சில வாரங்களில் அடங்கிப்போனது.

எனவே இந்தப் போட்டியில் என் தீர்ப்பு ஓர் உயிரின் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த உயிர் விதிவிலக்காக இருக்கக் கூடாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தப் பதமான சோறாக இருக்க வேண்டும். பண்ணையிலிருந்து தப்பியோடி ஆற்றை நீந்திக் கடந்த பசுவின் கதையைப் படிப்பவர்கள் அந்தப் பசுவைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பார்கள்; தப்பியோடாமல் வரிசையில் நின்ற பசுக்களைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். வழக்கமாக நடப்பது மட்டுமே நடக்கிற சாதாரணமான ஒரு விலங்கின் சாதாரணமான ஒரு நாளை எழுதுவது கடினம். ஆனால் அந்த ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் சான்றாக நிற்கும். எண்ணை எங்கே வைப்பது என்றால், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் "இது எவ்வளவு பெரிய சிக்கல்?" என்று கேட்கும் இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே எண்ணைத் தருவது பசிக்கும் முன்பே பந்தி வைப்பது போன்றது.

இரண்டு பத்திகள்

அடுத்த போட்டியை விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம். ஒரே பொருளைப் பற்றி இரண்டு பத்திகள் தருகிறேன். பொருள், வரிசையாக அடுக்கப்பட்ட கம்பிக்கூண்டில் வளர்க்கப்படும் முட்டைக்கோழி. முதலாவது:

"கொடூரத்தின் உச்சமான அந்த நரகக் கூண்டுகளில், ஈவிரக்கமற்ற மனித அரக்கர்களின் பேராசைக்கு இரையாகி, வாயில்லா ஜீவன்கள் ஒவ்வொரு நொடியும் சொல்லொணாச் சித்திரவதையை அனுபவித்து இரத்தக் கண்ணீர் வடிக்கின்றன."

இரண்டாவது:

"கூண்டின் தரை கம்பிவலை. முட்டை முன்பக்கம் உருண்டு வருவதற்காக அது சரிவாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. முட்டையிடும் நேரம் நெருங்கும்போது கோழி மறைவான இடம் தேடும். கூண்டில் மறைவு இல்லை. அது பக்கத்தில் நிற்கும் கோழிகளின் அடியில் தலையை நுழைக்கிறது, வெளியே எடுக்கிறது, மறுபடி நுழைக்கிறது. பிறகு கம்பியின்மேல் அமர்ந்து, மண்ணில் குளிப்பதுபோல் சிறகுகளை உதறுகிறது. மண் இல்லை."

முதல் பத்தியை எழுதியவரின் கோபம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை, ஏனெனில் அப்படிப்பட்ட பத்திகளை நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அதில் கோழியைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. கூண்டு எப்படி இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்பது எதுவும் தெரியாதவரும் அதை எழுதிவிடலாம்; அதில் 'கோழி' என்ற சொல்லே இல்லாததால், அதே பத்தியைக் குதிரைக்கோ குரங்குக்கோ அப்படியே பொருத்திவிடலாம். ஏற்கெனவே உடன்பட்டிருப்பவர் தலையை ஆட்டுவார். உடன்படாதவருக்கோ தப்பிச் செல்ல ஒரு வாசல் திறந்து கிடக்கிறது: "கோழி இரத்தக் கண்ணீர் வடிக்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மீதியைப் படிக்கத் தேவையில்லை. அதோடு, 'மனித அரக்கர்கள்' என்ற சொல் முட்டை வாங்கும் வாசகரையும் சேர்த்தே குறிக்கிறது. தன் விருப்பத்தைப் பிறர் பறிப்பதாக உணரும் மனிதர், பறிக்கப்படுவதை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே விளக்கினார். ஏசப்பட்ட வாசகர் கோழியை மறந்துவிட்டுத் தன் மானத்தைக் காப்பதில் முனைந்துவிடுகிறார்.

இரண்டாம் பத்தியில் ஓர் உரிச்சொல்லைத் தேடிப் பாருங்கள், ஏறத்தாழ இல்லை. அந்தப் பத்தி முழுவதையும் வினைச்சொற்களே தாங்குகின்றன. அதிலுள்ள ஒவ்வொரு கூற்றையும் சரிபார்க்கவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் பிறப்பித்த ஆணையே, அக்காலக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் தர வேண்டும் என்றது. ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். அதே ஆணைதான் அத்தகைய வெறுங்கூண்டுகளை 2012 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. முட்டையிடும் முன் மறைவிடம் தேடுவதும், மண்ணே இல்லாத கம்பித் தரையில் மண்குளியல் அசைவுகளைச் செய்துபார்ப்பதும் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பலமுறை பதிவுசெய்தவை. பண்ணையாளர் ஒருவரின் கையில் இந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அவர் "இது பொய்" என்று சொல்ல முடியாது. "இதில் என்ன தவறு?" என்று வேண்டுமானால் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதே எழுத்தின் வெற்றி என்பேன்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். துல்லியம் மட்டுமே கொண்டு எழுதினால் அது இயந்திரக் கையேடு போல ஆகிவிடும். கம்பியின் கோணம், கூண்டின் நீள அகலம் என்று பத்தி பத்தியாக நீண்டால் கோழி மறுபடியும் காணாமல் போகும். விலங்கு எதைச் செய்ய முயல்கிறது, எது தடுக்கிறது என்ற இரண்டும் ஒரே வாக்கியத்திலோ அடுத்தடுத்த வாக்கியங்களிலோ இருந்தால்தான் உயிர் தெரியும்.

இந்த உண்மையை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது ஓர் அரசுக் குழுவின் அறிக்கை. பிரிட்டனில் ரூத் ஹாரிசன் தொழிற்சாலை முறைப் பண்ணைகளைப் பற்றி 1964இல் எழுதிய நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியதால், அரசு பேராசிரியர் ரோஜர்ஸ் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1965இல் தந்த அறிக்கை, வளர்ப்பு விலங்குக்கு ஐந்து செயல்களுக்காவது இடம் இருக்க வேண்டும் என்றது: எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடலைத் தானே சுத்தம் செய்துகொள்ள, கை கால்களை நீட்ட. பின்னாளில் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று உலகெங்கும் விரிவான கோட்பாட்டின் வித்து இதுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2008இல் கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவும் ஏறத்தாழ இதே வினைகளைத்தான் கேட்டது: படுக்க, நிற்க, கால்களையும் சிறகுகளையும் முழுமையாக நீட்ட, தடையின்றித் திரும்ப. 63 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்தார்கள். 'இந்தக் கூண்டு நரகமா?' என்ற கேள்வியை அந்த வாக்காளர்கள்முன் வைத்திருந்தால் ஆளுக்கொரு கருத்து இருந்திருக்கும். 'ஒரு விலங்கு நின்ற இடத்திலேயே திரும்ப முடிய வேண்டுமா?' என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்ல மிகச் சிலருக்கே வாய் வரும்.

அதுவா, அவளா?

தமிழில் எழுதுபவருக்கு வரும் ஓர் இக்கட்டு இது. மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றையெல்லாம் அஃறிணை என்றும் பிரித்தது நம் இலக்கணம். பசுவும் பாறையும் ஒரே 'அது'வுக்குள் அடங்குகின்றன. ஆகவே விலங்குரிமை பேசும் சிலர், இலக்கணத்தை மீறி 'அவள் தன் கன்றைத் தேடினாள்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். இன்னும் ஒருபடி போய், விலங்கே தன் கதையைச் சொல்வதாக எழுதுபவர்களும் உண்டு. இந்த மூன்றாம் வழிக்கு வரலாற்றில் பெரிய சான்று இருக்கிறது. அன்னா சூவெல் 1877இல் வெளியிட்ட நாவலில் ஒரு குதிரை தன் வாழ்வைத் தானே சொல்கிறது. வண்டிக் குதிரையின் தலையை அழகுக்காக மேல்நோக்கி இழுத்துக் கட்டிவைக்கும் கடிவாள வாரினால் அது படும் வேதனை அதில் குதிரையின் வாய்மொழியாகவே வருகிறது. அந்த வழக்கத்துக்கு எதிரான இயக்கத்துக்கு அந்நூல் பெருந்துணையாக அமைந்தது. ஆனால் அது வென்றதற்குக் குதிரை பேசியது மட்டும் காரணமன்று. கழற்றி எறியக்கூடிய ஒரே ஒரு வாரை அது சுட்டிக்காட்டியது. வண்டியை நிறுத்தாமல், குதிரையை விற்காமல், அன்றைக்கே செய்யக்கூடிய மாற்றம் அது.

நான் மூன்றையும் முயன்று பார்த்தபின் 'அது'வுக்கே திரும்பி வந்தேன். 'அவள்' என்று எழுதும்போது வாசகரின் கவனம் ஒரு கணம் விலங்கை விட்டு இலக்கணத்துக்குத் தாவிவிடுகிறது. எழுதுபவர் தன்னிடம் எதையோ வற்புறுத்துகிறார் என்று அவர் விழித்துக்கொள்கிறார். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் மொழியில் 'குழந்தை அழுகிறது, அதற்குப் பசி' என்றுதான் சொல்கிறோம். வீட்டில் நாம் மிகுந்த பரிவோடு பேசும் உயிருக்கே அஃறிணை வினைமுற்றைப் பயன்படுத்தும் மொழியில், 'அது' என்ற சொல் அன்பைத் தடுக்கும் சுவர் ஆகாது. வாக்கியத்தின் வெப்பம் வினைச்சொல்லைப் பொறுத்தே அமைகிறது. 'கன்று பிரிக்கப்பட்டபின் பசுவின் பால் அளவில் மாற்றம் காணப்பட்டது' என்பதிலும் பசு இருக்கிறது. 'கன்றைக் கொண்டுபோன பின் அது வாசலைப் பார்த்தபடி நின்று கத்தியது' என்பதிலும் பசு இருக்கிறது. இரண்டும் அஃறிணைதான். தேடுகிறது, அஞ்சுகிறது, விரும்புகிறது, தவிர்க்கிறது, நினைவில் வைத்திருக்கிறது என்ற வினைகளை, ஆய்வு அனுமதிக்கும் எல்லைக்குள் நின்று அஞ்சாமல் பயன்படுத்தினால் போதும்.

அஞ்ச வேண்டியவை தொழில்துறையின் செயப்பாட்டு வினைகள். 'கழிக்கப்பட்டன', 'அப்புறப்படுத்தப்பட்டன', 'கையாளப்பட்டன' என்று பண்ணைக் கையேடுகளில் வரும் சொற்களை விலங்குக்காக எழுதுபவர்களும் அறியாமலே எடுத்துக்கொள்கிறோம். முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சு முட்டையிடாது. இறைச்சிக்கு வளர்க்கும் இனமும் அதுவன்று. ஆகவே பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. உலகளவில் ஆண்டுக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகளுக்கு இதுவே கதி. 'அப்புறப்படுத்தப்படுகின்றன' என்று எழுதினால் வாசகர் கடந்து போய்விடுவார். 'சுழலும் கத்திகளுக்குள் உயிரோடு விழுகின்றன, அல்லது வாயு நிரப்பிய அறையில் மூச்சுத் திணறிச் சாகின்றன' என்று எழுதுவதில் மிகை எதுவும் இல்லை. அங்கே நடப்பதன் பெயர் அதுதான். ஜெர்மனி 2022 முதல் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் அறியும் தொழில்நுட்பம் இருப்பதையும் அதே பத்தியில் சொல்லிவிட்டால், வாசகருக்கு வேதனையோடு ஒரு வழியும் கிடைக்கிறது.

விலங்கின் பொருட்டா, வாசகரின் பொருட்டா?

'உங்கள் இதயத்துக்கு நல்லது, புவி வெப்பம் குறையும், ஆகவே இறைச்சியைக் குறையுங்கள்' என்பது எளிதில் ஏற்கப்படும் வாதம். கேட்பவர் குற்றவாளி ஆக்கப்படுவதில்லை. எழுதுபவரும் உபதேசி ஆவதில்லை. நடைமுறையில் இதற்கு வலுவும் உண்டு. 2008இல் அமெரிக்க இறைச்சிக்கூடம் ஒன்றில் நிற்க முடியாத மாடுகளைத் துன்புறுத்தியதை மறைகேமரா காட்டியபோது, 14 கோடி ராத்தலுக்கும் மேற்பட்ட மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அதற்கு அரசு சொன்ன காரணம் துன்புறுத்தல் அன்று. முறையாகச் சோதிக்கப்படாத மாடு உணவில் சேர்ந்திருக்கக்கூடும் என்ற பொதுச் சுகாதார அச்சம்.

ஆனாலும் இந்த வழியை நான் முதன்மையாகக் கொள்வதில்லை. அதற்குக் காரணம் கணக்கு. சிவப்பு இறைச்சி உடலுக்குக் கேடு, மாடு வெளியிடும் மீத்தேன் புவிக்குக் கேடு என்று ஒருவரை நன்றாக நம்பவைத்துவிட்டால், அவர் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் கோழி. ஒரு கிலோவுக்குக் கோழியின் கரியமில அளவு மாட்டைவிட மிகக் குறைவு என்பது உண்மையே. ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடுசெய்ய நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் சாக வேண்டும் என்பதும் உண்மையே. அந்தக் கோழிகள் வாழும் நிலையும் பொதுவாக மாட்டின் நிலையைவிட மோசமானது. விலங்குக்காக எழுதி, வாசகரை இணங்கவைத்து, முடிவில் துன்பப்படும் உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டோம் என்று அறியும்போது ஏற்படும் கலக்கம் கொஞ்சமன்று. உடல்நலமும் சூழலும் துணைக் காரணங்களாக வரலாம். அவை வரும் இடத்தில் கோழியையும் மீனையும் பெயர் சொல்லிச் சேர்த்தே எழுத வேண்டும். மேலும், தன் நலனுக்காக மட்டும் மாறியவர் அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவச் செய்தி வந்தால் மறுபடி மாறிவிடுவார். விலங்குக்கு வலிக்கும் என்பதை அப்படி ஒரு செய்தி மாற்றிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தம் 2009 முதல் விலங்குகளை உணர்வுள்ள உயிர்கள் என்றே குறிக்கிறது. பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் நண்டு, சிங்கி இறால், ஆக்டோபஸ் வரை அந்த ஏற்பை விரித்திருக்கிறது.

மனிதப் பேரழிவுகளோடு ஒப்பிட்டு எழுதுவது இன்னொரு வழி. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாஜி வதைமுகாம் படங்களையும் பண்ணை விலங்குகளின் படங்களையும் அருகருகே வைத்து ஜெர்மனியில் பீட்டா நடத்த முயன்ற பரப்புரையை அந்நாட்டு நீதிமன்றங்கள் தடுத்தன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2012இல் அத்தடையைச் சரி என்றது. சட்டத்தை விட்டுவிட்டாலும், தப்பிப் பிழைத்த மனிதர்களைப் புண்படுத்திவிட்டு இரக்கம் கேட்பது முரண். அதோடு, விவாதம் முழுவதும் ஒப்பீடு சரியா என்பதைச் சுற்றியே போய்விடும். விலங்கு வெளியே நிற்கும்.

யாரிடம், எவ்வளவு கேட்பது?

இதுவரை சொன்ன அனைத்தையும்விட இந்தத் தேர்வே முடிவைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பக்கம், படிக்கும் ஒவ்வொருவரிடமும் 'நீங்கள் மாறுங்கள்' என்று கேட்பது. மறுபக்கம், முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒரு நிறுவனத்தையோ அரசையோ பெயர் சொல்லிக் கேட்பது. வாசகரை அந்தக் கோரிக்கைக்குத் துணையாக அழைப்பது.

இரண்டாம் வழியின் ஆசான் என்று அமெரிக்க விலங்குரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி ஸ்பைராவைச் சொல்வேன். அக்காலத்தில் கண்மை, ஷாம்பு போன்றவற்றின் மூலப்பொருள்களை முயலின் கண்ணில் இட்டுச் சோதிப்பார்கள். 1944 முதல் வழக்கில் இருந்த அந்த டிரெய்ஸ் சோதனையில், தலை மட்டும் வெளியே தெரியுமாறு முயலைப் பிணைத்துவைத்து, கண் சிவப்பதையும் புண்ணாவதையும் நாள் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். ஸ்பைரா முதலில் ரெவ்லான் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தோடு பேசிப் பார்த்தார். பலனில்லாமல் போகவே, 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அழகின் பெயரால் அந்நிறுவனம் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்ற ஒரே கேள்விதான் தலைப்பு. இந்தக் கட்டுரையில் இதுவரை பிரித்துப் பார்த்தவை அனைத்தும் அதில் ஒன்றுசேர்ந்திருந்தன: ஒரு விலங்கு, ஒரு வினைச்சொல், பதில் சொல்ல வேண்டிய ஒருவர். 'குருடாக்குகிறது' என்பதை மறுக்க முடியாது. 'அழகு' என்ற நோக்கத்தை அதன் பக்கத்தில் வைத்ததும் வாசகரே எடைபோட்டுவிடுகிறார்.

கேட்டது எவ்வளவு என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாச் சோதனையையும் நாளையே நிறுத்து என்று அவர் கேட்கவில்லை. விலங்கில்லாச் சோதனை முறைகளைக் கண்டறியும் ஆராய்ச்சிக்கு வருவாயில் மிகச் சிறிய பங்கை ஒதுக்கு என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முழுமையாகத் தடைசெய்ய முடிந்ததற்கு, இடையில் வளர்ந்த அந்த மாற்று முறைகளும் ஒரு காரணம்.

சிறிய கோரிக்கை சமரசம் என்றும், கூண்டைப் பெரிதாக்கக் கேட்பது கூண்டை ஏற்றுக்கொள்வதே என்றும் முழு ஒழிப்பை வேண்டுவோர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடுவதில்லை. விலங்கு நமக்குச் சொந்தமான பொருள் அன்று என்ற அவர்களின் அடிப்படை எனக்கும் உடன்பாடே. அதை மறைத்து எழுதுவதும் வாசகருக்குச் செய்யும் வஞ்சனை. ஆனால் என்ன நம்புகிறோம் என்று அறிவிப்பதும், இன்றைய கடிதத்தில் எதைக் கேட்கிறோம் என்பதும் இரண்டு வேலைகள். எழுதும்போது ஒரு கட்டுப்பாட்டை மட்டும் கடைப்பிடிக்கிறேன்: சிறிய மாற்றத்தைக் கேட்கலாம், ஆனால் அது நடந்தபின் 'இனி எல்லாம் சரி' என்று ஒருபோதும் எழுதுவதில்லை. 'கூண்டில்லாத கோழி மகிழ்ச்சியான கோழி' என்ற தொடரை என் வாயால் சொல்லமாட்டேன். 'திரும்ப இடம் கிடைத்த கோழி' என்று சொல்வேன்.

தனிமனிதரிடம் கேட்பதைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதையே முழு எழுத்தாக்கும்போது, எய்தவன் இருக்க அம்பை நோவது போல் ஆகிவிடுகிறது. கூண்டை வடிவமைத்ததும் அதை மலிவாக்கியதும் வாசகர் அல்லர். இறைச்சிக்கூடத்தில் கத்தி பிடிக்கும் கூலித் தொழிலாளரும் அல்லர். அவரையும் வாசகரையும் சேர்த்து எழுதினால் இருவருமே நம் பக்கம் வரக்கூடியவர்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாள்தோறும் பல நூறு பேருக்குச் சமைக்கும் ஓர் உணவுக்கூடத்தின் பொறுப்பாளருக்குக் கூண்டு முட்டை பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். உழைத்து எழுதியது, மேலே காட்டிய இரண்டாம் பத்தி அதிலிருந்து எடுத்ததுதான். நேரில் பார்த்தபோது அவர் சொன்னார்: "நான்கு பக்கமும் படித்தேன், ஐயா. அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் யாரிடம் பேசி, என்ன கேட்க வேண்டும் என்பது இதில் எங்கேயும் இல்லையே." கடிதத்தை அங்கேயே புரட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. திரும்பி வந்து ஒரே பக்கத்தில் மறுபடி எழுதினேன். கோழியைப் பற்றிய அந்தப் பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே மூன்று வரிகள் மட்டும் சேர்த்தேன்: முட்டை தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, முதலில் மாற்றக்கூடிய ஒரு வேளை உணவு, மாற்றி முடிக்க ஒரு தேதி. மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. 'கூண்டில் வளர்க்கவில்லை என்று முட்டைக்காரர் சொன்னால் அதை எதை வைத்துச் சரிபார்ப்பது?' என்று கேட்டிருந்தார். அதற்கு ஒழுங்கான பதில் எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது.